வலையும் தூண்டிலும் பத்திரமாக ஊர் வந்து சேர
(ஊர் திரும்பும் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு)

ஊருக்குப் போகும் நாள் தெரிந்ததும் சட்டி பானை, பாய், பிள்ளைகளின் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் அவசரமாகக் கட்டுவோம். வலையை ஓர் உரப்பையில் திணித்து, தூண்டிலை அதன் மேல் வைத்து, லொறியின் ஒரு மூலையில் போட்டுவிடுவோம். ஆனால் உலர் உணவு நிவாரணம் முடிந்த பிறகு உங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமானால் அந்த உரப்பையில் இருப்பது நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

வலை பழுதானால் புதிது வாங்கக் கடன் எடுக்க வேண்டியிருக்கும். கடன் கொடுத்தவரிடமே மீனையும் கொடுக்க வேண்டியிருக்கும். விலையை அவரே சொல்வார். ஆகவே கையிலிருக்கும் வலையையும் தூண்டிலையும் இயந்திரத்தையும் காப்பாற்றுவது கடன்படாமல் தொழிலைத் தொடங்குவதற்கான முதல் வழி.

இந்தப் பாடம் முழுவதற்கும் அடிப்படையான விடயம் ஒன்று உண்டு. கடலில் கிழிந்த வலையைப் பொத்தலாம். வெயிலில் உக்கிய வலையைப் பொத்த முடியாது. முடிச்சுப் போட்டு இறுக்கும்போதே நூல் அறுந்துவிடும். வெயில், ஈரம், உப்பு, எலி, எண்ணெய், நெருப்பு ஆகியவை கரையில் வலைக்கும் தூண்டிலுக்கும் இயந்திரத்துக்கும் எதிரிகள். இவற்றிலிருந்து காப்பதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஒழுங்கும் சிறிது நேரமும் போதும்.

1. புறப்படுவதற்கு முன்: பிரித்துப் பாருங்கள்

பல மாதங்களாகக் கட்டிவைத்த வலையை அப்படியே வாகனத்தில் ஏற்ற வேண்டாம். நிழலான இடத்தில் பாய் அல்லது தறப்பாள் விரித்து, வலையை முழுமையாகப் பிரித்துப் பாருங்கள்.

நூலின் பலத்தை இப்படிச் சோதிக்கலாம். வலையின் ஒரு கண்ணை இரண்டு கைகளாலும் பிடித்து இழுங்கள். விரலில் அழுந்தி நோகும் அளவுக்கு இழுத்தும் அறாவிட்டால் நூல் நல்லது. பட்டென்று அறுந்தாலோ, தேய்க்கும்போது நூலிலிருந்து தூள் உதிர்ந்தாலோ அந்தப் பகுதி உக்கிவிட்டது. கட்டின் வெளிப்பக்கம் உக்கியிருந்தாலும் உட்பக்கம் நல்ல நிலையில் இருக்கலாம். ஆகவே ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஐந்தாறு இடங்களில் இழுத்துப் பாருங்கள்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள்:

• உடனே பாவிக்கக்கூடியது.
• பொத்திப் பாவிக்கக்கூடியது.
• வலையாகப் பாவிக்க முடியாதது. இதிலிருந்து மிதவை, ஈயம், கயிறு ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். புது வலை கட்டும்போது இவற்றின் செலவு மிஞ்சும்.

தங்கூசி வலை இருந்தால் கவனியுங்கள். தங்கூசி வலையைக் கொண்டு மீன் பிடிப்பது 2006ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. அதை வைத்துத் தொழில் செய்தால் வலையும் போகும், வழக்கும் வரும். உங்கள் வலை எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே கடற்றொழில் பரிசோதகரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிவாரணமாகக் கிடைத்த புது வலையை அதன் பொதியிலேயே வைத்திருங்கள். கயிறு கோக்கும் நாள்வரை அதை வெளியே விரித்துவைக்க வேண்டாம்.

2. கழுவுதலும் உலர்த்தலும்

வலையில் ஒட்டியிருக்கும் செதில், பாசி, நண்டுக்கால் ஆகியவற்றை முதலில் கையால் எடுத்துவிடுங்கள். மீன் நாற்றம் உள்ள வலையை எலி தேடி வரும். எலி ஓர் இரவில் கடித்த ஓட்டையைப் பொத்த ஒரு நாள் முழுவதும் செல்லும்.

பின்னர் நன்னீரில் அலசுங்கள். நன்னீர் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் முதலில் இயந்திரம், அடுத்து தூண்டில், றீல் முதலிய உலோகப் பொருட்கள், கடைசியில் வலை என்ற ஒழுங்கைப் பின்பற்றுங்கள். உப்பினால் நைலோன் நூல் உக்குவதில்லை. ஆனால் உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைக் கறள் பிடிக்கச் செய்யும். ஆகவே தண்ணீர் குறைவென்றால் உலோகத்துக்கே முதலிடம்.

வலையை நிழலில், காற்றுப் படும்படி தொங்கவிட்டு உலர்த்துங்கள். ஓலைக் கொட்டிலின் கீழ் இரண்டு கம்புகளை நட்டுக் குறுக்கே ஒரு தடி கட்டினால் போதும். சுடுமணலில் பகல் முழுவதும் விரித்துவைப்பது வலையின் ஆயுளைக் குறைக்கும். ஈரமாகவே மூட்டை கட்டவும் வேண்டாம். தும்புக் கயிறு உக்கும், ஈயக் கயிற்றோடு சேர்ந்த இரும்புத் துண்டுகள் கறள் பிடிக்கும், மூட்டை முழுவதும் மணக்கும்.

உலர்ந்த வலையை மிதவைக் கயிறு ஒரு பக்கமும் ஈயக் கயிறு மறுபக்கமுமாக மடித்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு இடங்களில் கயிற்றால் தளர்வாகக் கட்டினால், ஊரில் பிரிக்கும்போது சிக்கெடுக்க வேண்டியதில்லை.

3. தூண்டில், தடி, றீல், ஈயம்

கைத்தூண்டில்: நூலை மரக்கட்டையில் ஒழுங்காகச் சுற்றுங்கள். மிக இறுக்கிச் சுற்றினால் நூல் சுருண்ட வடிவத்திலேயே நின்றுவிடும். சுற்றும்போது நூலை விரல்களுக்கிடையே ஓடவிடுங்கள். சொரசொரப்பாகவோ வெட்டுப்பட்டோ உள்ள இடம் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் வெட்டி மீண்டும் முடியுங்கள். பெரிய மீன் பிடிபடும்போது நூல் அறுவது இத்தகைய இடத்தில்தான்.

கொக்கிகள்: தேய்ந்துபோன றப்பர் செருப்பொன்றைத் துண்டுகளாக வெட்டி, கொக்கிகளை வரிசையாக அதில் குத்திவையுங்கள். செருப்புத் துண்டை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் அல்லது ரின்னில் போட்டு மூடுங்கள். கொக்கிகளில் சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் கறள் பிடிப்பது குறையும். பல கொக்கிகள் கோத்த நீளத் தூண்டிலானால், நூலை வாளியில் வட்டமாக அடுக்கி, கொக்கிகளை வாளியின் விளிம்பில் கட்டிய றப்பர் பட்டியில் வரிசைப்படி மாட்டுங்கள். மேலே சாக்கால் மூடிக் கட்டுங்கள்.

தடியும் றீலும்: களப்பிலும் ஆற்றுமுகத்திலும் தூண்டில் தடி பாவிப்பவர்கள், கொண்டுபோகும்போது றீலைத் தடியிலிருந்து கழற்றி, துணியில் சுற்றித் தனியே வையுங்கள். கழுவும்போது றீலின்மேல் தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டாம். உப்பும் மணலும் உள்ளே போய்விடும். நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, சுழலும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நூலை இறுக்கிப்பிடிக்கும் திருகைத் தளர்த்திவையுங்கள். துண்டுகளாகக் கழற்றக்கூடிய தடியைக் கழற்றி, இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வைத்து மூன்று இடங்களில் கட்டுங்கள். மூட்டைகளுக்கு அடியில் அகப்படும் தடி முறிந்துதான் வெளியே வரும்.

ஈயம்: ஈயம் நஞ்சு. அதைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் உண்ண வேண்டாம். சிறு பிள்ளைகள் ஈயக் குண்டுகளை வாயில் வைக்காதபடி மூடிய பாத்திரத்தில் வையுங்கள். ஈயத்தை நீங்களே உருக்கி வார்ப்பவரானால், திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். உருக்கிய பாத்திரத்தை ஒருபோதும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கொக்கி உடம்பில் ஏறிவிட்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள். நூலை வெட்டிவிட்டு, கொக்கி அசையாதபடி துணியால் சுற்றி, அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று அங்கே கேளுங்கள். கண்ணில் அல்லது கண்ணுக்கருகில் ஏறியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

4. வெளியிணைப்பு இயந்திரமும் எரிபொருளும்

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுங்கள். குழாய்களில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த முறை இயக்குவது கடினமாகும். கழற்றுவதற்கு முன் கீழ்ப்பகுதி மூழ்கும் அளவுக்கு நன்னீர் நிரப்பிய பரலில் இயந்திரத்தை வைத்துச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் உள்ளே உள்ள உப்பு கழுவப்படும். தண்ணீர் இல்லாமல் ஓடவிடக் கூடாது.

பிறகு நிமிர்த்தி வைத்து, உள்ளே உள்ள தண்ணீர் முழுவதும் வடியும்வரை விடுங்கள். வாகனத்தில் ஏற்றும்போதும் மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டுவதே நல்லது. படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட பக்கமாக மட்டும் படுக்கவைத்து, கீழே பழைய பாய் அல்லது சாக்குப் போடுங்கள். எப்போதும் இயந்திரத் தலை சுழலியை விட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் தங்கிய தண்ணீர் தலைக்குள் ஓடிவிடும்.

நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் சிறிதளவு இயந்திர ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்துவிட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். கியர் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. திருத்துநரிடம் காட்டும்வரை ஓட்டாதீர்கள். தண்ணீரில் மூழ்கியிருந்த இயந்திரத்தையும் இழுத்து இயக்கிப் பார்க்க வேண்டாம்.

எரிபொருளை ஆட்கள் பயணிக்கும் வாகனத்தில் ஏற்றாதீர்கள். இயந்திரத்தின் தாங்கியையும் கான்களையும் வெறுமையாக்கி, மூடியை இறுக்கிக் கொண்டுபோங்கள். வெறும் கானிலும் ஆவி நிற்கும். அதன் அருகில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

5. வாகனத்தில் ஏற்றும் முறை

• கனமானவை கீழே: இயந்திரம், ஈயம், நங்கூரம். அவற்றை வாகனத்தின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.
• வலை மூட்டைகள் அவற்றுக்குப் பக்கத்தில், இயந்திரத்தைத் தொடாமல். கசியும் ஒயிலும் பெற்றோலும் வலையில் ஊறக்கூடாது.
• பற்றரியை வலைக்கு அருகில் வைக்கவே வேண்டாம். பற்றரி அமிலம் பட்ட நைலோன் அரித்துப் போய்விடும்.
• தடிகளும் தூண்டில் பெட்டியும் எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகக் கட்டப்பட்டு.
• முழுவதையும் தறப்பாளால் மூடுங்கள். ஒரு நாள் வெயிலில் வலை அழியாது. ஆனால் வழியில் தங்க நேர்ந்தால் மழையும் வெயிலும் மாறி மாறி வரும்.
• பிள்ளைகளைத் தொழில் மூட்டைகளின் மேல் உட்காரவைக்காதீர்கள். திடீரென வாகனம் நின்றால் ஒரு கொக்கி போதும்.

பல குடும்பங்களின் பொருட்கள் ஒரே லொறியில் போகும். எல்லா உரப்பைகளும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் குடும்பத் தலைவரின் பெயரையும் கிராமத்தையும் அழியாத மையால் எழுதுங்கள். மூட்டைக்குள்ளும் அதே விபரத்துடன் ஒரு துண்டைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

பொருட்பட்டியல் ஒன்றை இரண்டு பிரதிகள் எழுதுங்கள். எத்தனை துண்டு வலை, என்ன கண் அளவு, எத்தனை மிதவை, இயந்திரத்தின் தொடர் இலக்கம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி உங்களிடமும் மற்றது குடும்பத்தில் இன்னொரு பெரியவரிடமும் இருக்க வேண்டும். படகுப் பதிவு, தொழில் அனுமதிப்பத்திரம், இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டு, நிவாரணமாகப் பெற்ற பொருளின் சீட்டு, சங்க அங்கத்துவ அட்டை ஆகியவற்றை மூட்டையில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். வழியில் சோதனைக்கு நிறுத்தப்பட்டால் பட்டியலும் சீட்டுகளும் உங்கள் பொருள் உங்களுடையதே என்று காட்டும்.

6. ஊரில் இறங்கியதும்: பழைய பொருளைத் தேடிப் போகாதீர்கள்

போகும்போது புதைத்துவிட்டுப் போன இயந்திரம், கிணற்றில் இறக்கிய நங்கூரம், வாடியில் விட்ட வலை ஆகியவை எல்லோர் மனதிலும் இருக்கும். அவற்றைத் தேட வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. ஆனால் மிதிவெடி அகற்றப்பட்டுவிட்டது என்று அறிவிக்கப்படாத நிலத்தில் தோண்டவோ, பற்றைகளுக்குள் போகவோ, பாழடைந்த வாடிக்குள் நுழையவோ வேண்டாம். புதைத்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். நீங்கள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. இடத்தைக் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றுவோர் பார்த்து அனுமதித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கடலிலோ களப்பிலோ வலையில் சந்தேகத்துக்கிடமான உலோகப் பொருள் சிக்கினால் அதைப் படகில் ஏற்றாதீர்கள், கரைக்கும் இழுத்துவராதீர்கள். அந்த வலைத் துண்டை வெட்டிவிட்டு விலகி வாருங்கள். இடத்தை அடையாளம் வைத்து, கரை வந்ததும் பொலிசாருக்கு அறிவியுங்கள். வலையைக் காப்பாற்றுவதைப் பற்றியே இந்தப் பாடம் முழுவதும் சொல்கிறோம். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் வலையை விட்டுவிடுங்கள். வலைக்குப் பதில் வலை கிடைக்கும்.

7. தற்காலிக வீட்டில் பாதுகாத்து வைத்தல்

தகரக் கூரைக் கொட்டிலில் மத்தியானத்தில் சூடு அதிகம். தறப்பாள் கொட்டிலில் மழை ஒழுக்கும் இருக்கும். இருக்கும் இடத்தில் செய்யக்கூடியவை:

• முழங்கால் உயரத்துக்குக் கம்புகளால் ஒரு பரண் அமைத்து அதன் மேல் வலையை வையுங்கள். தரையிலிருந்து ஈரமும் கறையானும் ஏறாது.
• சுவரையோ தகரத்தையோ தொடாமல் ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.
• சாக்கு அல்லது ஓலையால் மூடுங்கள். வெளிச்சம் புகும் பொலித்தீனால் மூடினால் வெயில் தடைப்படாது. உள்ளே வேர்க்கவும் செய்யும்.
• அடுப்பு, குப்பி விளக்கு, மண்ணெண்ணெய்க் கான் ஆகியவை அந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு தீப்பொறி விழுந்தால் நைலோன் உருகி ஓட்டையாகும்.
• இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூட்டையைப் புரட்டி, எலி இருக்கிறதா என்று பாருங்கள்.

முல்லைத்தீவு முதலான கிழக்குப் பார்த்த கரைகளில் வாடைக்காற்றுக் காலத்தில் அலை மேலேறி வரும். மழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் மாதத்திலேயே, கரையோர வாடியில் உள்ள பொருட்களை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் இடம் இல்லாவிட்டால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கொட்டில் போட்டு, முறைவைத்துக் காவல் இருக்கலாம். யாருடையது எது என்ற பட்டியல் அங்கே எழுத்தில் இருக்க வேண்டும்.

8. வீட்டுக்காரர் இல்லாத வீடுகளில்

சில வீடுகளில் வலை இருக்கும், அதைக் கடலுக்குக் கொண்டுபோனவர் இருக்கமாட்டார். அந்த வலையைப் பார்க்கவே மனம் வராமல் இருக்கலாம். வந்த விலைக்குக் கொடுத்துவிடத் தோன்றலாம். உடனே முடிவெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. மேலே சொன்னபடி உலர்த்தி, பரணில் வைத்து மூடினால் வலை காத்திருக்கும்.

விற்க நினைத்தால் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். சங்கத்தில் உள்ள அனுபவமுள்ளவர் ஒருவரை வைத்து மதிப்பிடுங்கள். விற்காமல் உறவினர் ஒருவரிடம் பங்குக்குக் கொடுப்பதும் ஒரு வழி. பங்கு எவ்வளவு, வலை கிழிந்தால் பொத்தும் செலவு யாருடையது, எப்போது திருப்பித் தர வேண்டும் ஆகிய மூன்றையும் சாட்சி ஒருவர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். படகுப் பதிவு அவர் பெயரில் இருந்தால், அதை மாற்றுவது பற்றிக் கடற்றொழில் பரிசோதகரிடமும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. வலையின் ஐந்தாறு இடங்களில் இழுத்துப் பார்த்தீர்களா?
2. எல்லாக் கொக்கிகளும் மூடிய பாத்திரத்தில் இருக்கின்றனவா?
3. இயந்திரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதா? எரிபொருள் வெறுமையாக்கப்பட்டதா?
4. ஒவ்வொரு மூட்டையிலும் பெயரும் கிராமமும் எழுதப்பட்டுள்ளனவா?
5. பட்டியலின் இரண்டாவது பிரதி யாரிடம் இருக்கிறது?
6. போகக்கூடாத நிலம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?

ஆறு கேள்விகளுக்கும் விடை உங்களிடம் இருந்தால் மூட்டையை ஏற்றலாம். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டால், வாகனம் வருவதற்கு முன் அதை மட்டும் முடித்துவிடுங்கள். இந்தப் பக்கங்களை வாசிக்க முடியாத அயலவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.